டைனோபிளாஜெல்லேட்டு உறைக்கூடுகள்: சிற்றினம் அறியும் முறை

கடலடியில் படிந்து இறுகிய பாறையின் வயதைக் கணிப்பதற்கு அதில் பொதிந்துள்ள தொல்லுயிர்ச் சுவடுகள் பெரிதும் துணைபுரிகின்றன. சிப்பியும் சங்கும் அகப்படாத இடங்களிலும், துளைக்கிணறுகளிலிருந்து வெளிவரும் சிறு கல்துண்டுகளிலும், கண்ணுக்குப் புலனாகாத நுண்சுவடுகள் நிறைந்திருத்தல் கூடும். அவற்றுள் முக்கியமான ஒருவகை, டைனோபிளாஜெல்லேட்டு என்னும் ஒற்றைக்கல உயிர்களின் உறைக்கூடுகளாகும். இவற்றிற்கு இடப்படும் பெயரைக் கொண்டே பாறையின் வயது உரைக்கப்படுகிறது. பெயர் பிழைபடின் வயதும் பிழைபடும். எனவே, இவற்றை இனங்காணும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

உயிரும் உறைக்கூடும்

டைனோபிளாஜெல்லேட்டுகளுக்கு இரு கசையிழைகள் உண்டு. ஒன்று உடலின் நடுவே கச்சை போன்று சுற்றியோடும் பள்ளத்தில் அமைந்துள்ளது; மற்றொன்று பின்னோக்கி நீள்கிறது. இவற்றின் அசைவால் இவ்வுயிர்கள் சுழன்று நீந்துகின்றன. பல வகைகளின் உடலைச் செல்லுலோசுத் தகடுகள் மூடியிருக்கும். உயிர் இறந்தபின் அத்தகடுகள் அழிந்துவிடுகின்றன.

ஆயினும், சில வகைகள் தம் வாழ்வின் ஒரு கட்டத்தில் எளிதில் அழியாத கரிமப் பொருளால் ஓர் உறைக்கூட்டை ஆக்கிக்கொண்டு கடலடியில் உறங்குகின்றன. தக்க சூழ்நிலை வாய்க்கும்போது, உள்ளிருக்கும் உயிர் கூட்டில் ஒரு வாயிலைத் திறந்து வெளியேறுகிறது. எஞ்சிய வெற்றுக் கூடே சேற்றில் புதைந்து தொல்லுயிர்ச் சுவடாகிறது. இக்கூடுகளுள் பெரும்பாலானவற்றின் அளவு 20 முதல் 150 மைக்ரான் வரையாகும்.

முள்ளுருண்டைகளின் வரலாறு

செருமானிய அறிஞர் ஏரன்பெர்க்கு 1830-களில் தீக்கல் சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, முட்கள் நிறைந்த சிறு உருண்டைகளைக் கண்டார். அவற்றை நன்னீர்ப் பாசிப் பேரினமாகிய சாந்திடியத்தில் சேர்த்தார். 1933-இல் ஓட்டோ வெட்சல் அவற்றிற்கு இசுடிரிக்கோசுபீரா என்னும் பெயரிட்டார். எனினும் அவை எவ்வுயிரைச் சார்ந்தவை என்பது நெடுங்காலம் விளங்கவில்லை.

1961-இல் அமெரிக்கரான வில்லியம் எவிட்டு இப்புதிரை விடுவித்தார். அவ்வுருண்டைகள் பலவற்றிலுள்ள திறப்பு தற்செயலான உடைவன்று. டைனோபிளாஜெல்லேட்டின் குறித்த தகட்டின் வடிவிலும் இடத்திலும் அமைந்த வாயில் என்று அவர் காட்டினார். அதனை ஆர்க்கியோபைல் என்பர். பின்னர் அதே பத்தாண்டில் டேவிட் வாலும் பாரி டேலும் இக்காலக் கடற்சேற்றிலிருந்து உயிருள்ள கூடுகளை எடுத்து முளைக்கச் செய்து, எவ்வுறையிலிருந்து எவ்வுயிர் வெளிவருகிறது என்பதை நேரில் கண்டனர்.

நோக்க வேண்டிய வரிசை

இனங்காணும்போது முதலில் நோக்கத்தக்கது வாயில். அது உச்சியில் உள்ளதா, கச்சைக்கு மேலுள்ள தகட்டில் உள்ளதா, இடைத்தகட்டில் உள்ளதா என ஆராய்தல் வேண்டும். இரண்டாவது, கூட்டின் மேல் பதிந்துள்ள தகட்டமைப்பின் சாயல். மூன்றாவது, கூட்டின் கட்டமைப்பு: நீட்சிகள் உடையதா, சுவரடுக்குகளுக்கிடையே வெற்றிடம் உடையதா என்பது. முட்களின் நீளம், நுனி, சுவரின் மேற்பரப்பு ஆகியவற்றை இறுதியில் நோக்கல் வேண்டும். முன்னவை பெரும்பாலும் குடும்பத்தையும் பேரினத்தையும், பின்னவை சிற்றினத்தையும் அறிய உதவும்.

இவ்வரிசையின் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இசுபினிபெரைட்டிசு என்னும் பேரினமும் அபெக்டோடினியம் என்னும் பேரினமும் முள்ளுடையவை. முன்னதில் முட்கள் தகடுகள் கூடும் மூலைகளில் எழுந்து நுனியில் கிளைக்கின்றன. வாயில் கச்சைக்கு மேலுள்ள முதுகுத் தகட்டில் அமைகிறது. பின்னதில் வாயில் நாற்கோண இடைத்தகட்டில் உள்ளது. புறவடிவு பொதுவாக ஐங்கோணம். ஆயினும் அதன் ஓமோமார்பம் என்னும் சிற்றினத்தில் மூலைகள் மழுங்கி, கூடு உருண்டையாகவே தோன்றும். முள்ளை மட்டும் நோக்குவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ள இடமுண்டு.

அதன் விளைவு சிறிதன்று. இசுபினிபெரைட்டிசு ராமோசசு தொடக்கக் கிரெட்டேசியக் காலம் முதல் இன்றுவரை காணப்படுவது. வயதை வரையறுக்கப் பெரிதும் பயன்படாதது. அபெக்டோடினியமோ, சுமார் 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகம் திடீரென வெப்பமுற்றபோது பல கடல்களில் பெருகியது. இரண்டையும் மயங்கிக்கொண்டால் ஒரு காலத்தின் சான்றே மறைந்துவிடும்.

முள்ளின் நீளமும் தனித்து நம்பத்தக்கதன்று. லிங்குலோடினியம் மகீரோபோரத்தின் முட்கள் உப்புச்செறிவு குறைந்த நீரில் குறுகுகின்றன. நீர் வேறுபட்டதனால் எழுந்த மாற்றத்தைப் புதிய சிற்றினமெனக் கொள்ளுதல் கூடாது.

இரு பெயர் வழக்கு

நீந்தும் உயிருக்கும் உறைக்கூட்டிற்கும் தனித்தனியே பெயரிடும் வழக்கம் இன்றும் உள்ளது. கோனியாலாக்சு இசுபினிபெரா என ஒரே பெயர் பெற்ற உயிர்வகை, பலவகை இசுபினிபெரைட்டிசு கூடுகளிலிருந்து வெளிவரக் காணப்பட்டமையால், ஒரு பெயரைக் கைவிடுதல் எளிதன்று. உயிருள்ளவற்றையும் தொல்லுயிர்களையும் ஒரே ஒழுங்கில் அடக்கும் வகைப்பாடு 1993-இல் வெளியிடப்பட்டது.

நம் நாட்டில் பயன்

குசராத்தில் சூரத்து மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், தொன்மையான வௌவால்கள், முதனி இனங்கள் முதலிய பாலூட்டிகளின் எலும்புகள் கிடைத்துள்ளன. அவை எக்காலத்தவை என்று அறிந்தாலன்றி அவற்றின் சிறப்பு விளங்காது. அவை தொடக்க ஈயோசீன் காலத்தவை என நிறுவுவதில் கடற்பிராணிச் சுவடுகளோடு டைனோபிளாஜெல்லேட்டு உறைக்கூடுகளும் துணைநின்றன.

களப்பணியாளர் கவனத்திற்கு

கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறையே ஏற்றது. காற்றும் நீரும் பட்டுச் சிவந்த மண்ணில் கூடுகள் அழிந்திருக்கும். மேற்பரப்பை அகற்றிப் புதுப்பகுதியையே எடுத்தல் வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் கருவியைத் துடைத்து, இடமும் ஆழமும் உடனே குறித்தல் வேண்டும். துளைக்கிணற்றில் மேலடுக்குத் துண்டுகள் சரிந்து கீழ்மாதிரியில் கலக்கும். பழம்பாறையின் கூடுகள் அரிப்புண்டு புதுப்படிவில் சேர்வதும் உண்டு. எனவே ஒரு கூட்டைக் கொண்டு முடிவு கூறாது, தொகுதி முழுவதையும் நோக்குதல் வேண்டும்.

பாறையைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் பயன்படுகின்றன. பின்னது உயிருக்கே ஊறு விளைப்பது. தகுந்த ஆய்வுக்கூடத்திலன்றிக் கையாளலாகாது. பள்ளியாசிரியர்கள் படங்களையும் ஆயத்தச் சீவல்களையும் கொண்டே விளக்குவது போதுமானது. வாயிலை முதலிலும் முள்ளை இறுதியிலும் நோக்கும் பழக்கத்தை மாணவர் பெறுவாராயின், வகைப்பாட்டியலின் அடிப்படையை அவர் அறிந்தவராவர்.