வாதம் வந்தால் மணியைப் பாருங்கள்!



பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் டாக்டர் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு வந்தது?" என்பதுதான். நம்மில் பலர் "காலையிலிருந்தே இப்படித்தாங்க" என்று சொல்லிவிடுகிறோம். மணி தெரியாவிட்டால், நல்ல மருந்து இருந்தும் போட முடியாமல் போகலாம். ஏன் அப்படி? நம் உடம்பிலேயே சுரக்கும் ஒரு நொதியும் இதற்குக் காரணம். அதைப் பற்றி இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

வாதம் இரண்டு வகை

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவது ஒரு வகை. குழாய் உடைந்து ரத்தம் கசிவது இன்னொரு வகை. அடைப்பால் வருவதே அதிகம். சில பேருக்கு அடைப்பில் தொடங்கி, பிறகு அதே இடத்தில் ரத்தக் கசிவும் ஏற்படுகிறது.

அடைப்பு எப்படிக் கசிவாகிறது?

நம் ஊர் வேலையை வைத்தே சொல்கிறோம். கச்சாப் பட்டு நூலில் ஒரு பசை இருக்கும். மெல்லிய இழைகளை ஒட்டி வைத்திருப்பது அதுதான். சாயம் போடும் முன் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் பசை கரைந்து நூல் மிருதுவாகும். கொதி மிஞ்சினால் நூலே நைந்து போகும்.

ரத்தக் குழாயின் சுவரிலும் கொலாஜன் போன்ற புரதங்களால் ஆன மெல்லிய படலம் உண்டு. அதுதான் சுவருக்குப் பலம். அந்தப் படலத்தை அறுக்கும் நொதிகளில் முக்கியமானது எம்.எம்.பி.-9. இந்தக் குடும்பத்து நொதியை முதலில் கண்டது 1962-ல். தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எப்படிக் கரைகிறது என்று ஆராய்ந்த ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாபியேர் இருவரும் கண்டுபிடித்தார்கள்.

அளவோடு இருந்தால் இந்த நொதி புண் ஆறுவதற்கு உதவும். மூளையில் அடைப்பு ஏற்பட்டாலோ அளவு மிஞ்சிவிடுகிறது. ரத்தத்தில் வரும் வெள்ளை அணுக்களும் இதைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நேரம் ஆக ஆக, சுவர் நைந்துகொண்டே போகிறது. அதன் பிறகு ரத்தம் வேகமாகத் திரும்பப் பாய்ந்தால் சுவர் தாங்காது. கசிந்துவிடும்.

மருந்துக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தக் கட்டியைக் கரைக்க ஆல்டிபிளேஸ் என்ற மருந்து இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 3 மணி நேரத்துக்குள் இதைப் போட்டவர்களில் ஊனமின்றித் தேறியவர்கள் அதிகம். ஆனால் 100-க்குச் சுமார் 6 பேருக்கு மூளையில் ரத்தக் கசிவும் வந்தது. போடாதவர்களில் அது 100-க்கு ஒருவருக்கும் குறைவு. மருந்து போடும் முன்பே ரத்தத்தில் எம்.எம்.பி.-9 அதிகம் இருந்தவர்களுக்குக் கசியும் ஆபத்து கூடுதல் என்று 2003-ல் பார்சிலோனா டாக்டர்கள் எழுதினார்கள்.

அதனால்தான் நேரக் கட்டுப்பாடு. 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு நாலரை மணி நேரம் வரை போடுகிறார்கள். அதுவும் சி.டி. ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான்.

"அந்த நொதியையே தடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். சில நாள் கழித்து, சேதமான குழாய்களைச் சீர் செய்யவும் அதே நொதி வேண்டியிருக்கிறது என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே அது சுலபமான காரியமல்ல. நம் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான்.

நாம் செய்ய வேண்டியவை

* திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கையைத் தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். "தறியிலேயே உட்கார்ந்திருந்தாரு, மரத்துப் போச்சு, சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.
* மணியைக் குறித்து வையுங்கள். தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் கணக்கு.
* வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கெடுதல் செய்யும்.
* புறா ரத்தம் தடவுவது, எண்ணெய் தேய்ப்பது என்று நேரத்தைக் கழிக்க வேண்டாம்.
* நேரம் தாண்டிவிட்டாலும் கூட்டிப் போங்கள். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், உள்ளே குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள்.
* பிரஷரும் சர்க்கரையும் ஏறியிருந்தால் கசிவு ஆபத்து கூடும். மாத்திரையை விடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடிப் போய் இவற்றைப் பார்க்கும் தன்னார்வலர்களாகச் சேர்க்கப்பட்டது நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான்.

நம் ஊரிலிருந்து சென்னைக்குச் சுமார் 75 கிலோமீட்டர். வாதம் வந்த பிறகு ஆஸ்பத்திரியைத் தேடினால் பாதி நேரம் ரோட்டிலேயே போய்விடும். பக்கத்தில் எங்கே 24 மணி நேரமும் ஸ்கேன் எடுக்கிறார்கள், கட்டி கரைக்கும் ஊசி எங்கே போடுகிறார்கள் என்று ஒவ்வொரு குழுவும் முன்கூட்டியே விசாரித்து, அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதி வைப்போம். சேமிப்புக் கணக்கைப் போல இந்தக் கணக்கும் நம் கையில் இருக்கட்டும்!