மேளமும் முற்றமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

என் தந்தையார் தவில் வாசிப்பவர். சென்ற தை மாதம் நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் அவருடன் போய்த் தாளம் போட்டேன். முகூர்த்தம் முடிந்ததும் அவ்வீட்டுப் பெரியவர், "இன்னிக்கு மேளம் ஒரே இரைச்சல், ஒரு சொல்லும் புரியலை" என்று பலர் முன்னிலையில் சொல்லிவிட்டார். அப்பா பதில் பேசவில்லை. பக்கத்திலேயே இருந்த எனக்கோ ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டிருந்தது. ஒரே வாசிப்புக்கு இரண்டு தீர்ப்பு எப்படி வந்தது?

விடை ஒலியியல் வகுப்பில் கிடைத்தது. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் செபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். வெறும் மண்டபத்தில் அது ஐந்தரை நொடி. மெத்தை கூடக்கூடக் குறைந்தது. இதையே எதிர்முழக்க நேரம் என்கிறோம். மண்டபத்தின் கனஅளவு பெருகினால் இது கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்பு பெருகினால் குறையும். உறிஞ்சலுக்கு அவர் கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லை அல்லவா?

இதைக் கேட்டதும் எனக்கு வளவுதான் நினைவுக்கு வந்தது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முட்டை வெண்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, எல்லாமே ஒலியைத் திருப்பியடிப்பவை. ஆனால் நடுவிலுள்ள முற்றம், வானத்தைப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல்! 20 அடிக்கு 30 அடி என்றால் ஏறக்குறைய 55 சதுர மீட்டர். உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் அரைச் சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம் என்பர். ஆக, முற்றம் நூறு பேருக்கு மேல்.

அந்தக் கல்யாண வீட்டில், மழைக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்தின்மேல் தகரம் போட்டிருந்தார்கள்.

செபைனின் சூத்திரத்தில் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். நூறு பேர் இருந்தால், திறந்த முற்றத்தோடு 1.8 நொடி, மூடினால் மூன்று நொடிக்கும் மேல். விரைவு நடையில் தவிலில் நொடிக்கு எட்டுப் பத்துச் சொற்கள் விழும். முதற்சொல் அடங்குமுன் இருபது முப்பது சொற்கள் அதன்மேல் ஏறிவிட்டால் இரைச்சல் என்னாமல் வேறென்ன என்பது?

எதிர்முழக்கம் எப்போதும் கெடுதல் என்று எண்ணிவிட வேண்டாம். செபைனின் கணக்குப்படி 1900-இல் எழுந்த பாஸ்டன் சிம்பொனி மண்டபத்தில், ஆட்கள் நிறைந்திருக்கும்போதும் அது இரண்டு நொடிக்குச் சற்றே குறைவு. அறுபது எழுபது வயலின்களும் குழல்களும் ஒன்றாய்க் குழையும் மேல்நாட்டு இசைக்கு அது வேண்டும், தவிலுக்கு ஆகாது. அங்கேயும் இடம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். முன்வரிசைக்கு அருகிலுள்ள வயலின்களே மிகுந்து கேட்கும்; பால்கனிக்கு அடியில் ஆழத்தில் இருப்பவருக்கு மேலிருந்து திரும்பும் ஒலி குறைந்துபோகும். அருகில் இருப்பவர் கேட்பது பெரும்பாலும் வாத்தியத்திலிருந்து நேரே வரும் ஒலி. தொலைவில் இருப்பவர் கேட்பது சுவரும் கூரையும் திருப்பித் தரும் ஒலி. நான் தவிலுக்கு மூன்றடியில் இருந்தேன். பெரியவர் எதிர்க் கோடியில், தூணுக்குப் பின்னால்.

கணக்கை அப்பாவிடம் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல். அதனால் சற்றுப் பெருமையாகவே காட்டினேன். அவர் சிரித்தார். "தகரத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரியும் தம்பி. அதைச் சொன்னா, வாசிக்கத் தெரியாதவன் வீட்டைக் குறை சொல்றான்னு சொல்லுவாக."

ஆவணியில் அதே தெருவில் இன்னொரு கல்யாணம். அங்கும் தகரம்தான். நாற்காலிகளை மேளத்துக்குப் பக்கமாகப் போடவும், எதிர்ச் சுவரில் கனத்த ஜமுக்காளங்களைத் தொங்கவிடவும் அவ்வீட்டு ஆச்சியிடம் நானே கேட்டிருக்கிறேன். செபைனின் மெத்தைகளுக்கு அவை ஈடாகமாட்டா. ஆனாலும் கடிகாரத்தோடு போவதாக இருக்கிறேன்.