வீட்டுக்குள் ஒரு சிறு கடல்

நம் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி ஓடும் வெள்ளாறு எங்கே செல்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? விருத்தாசலத்திலிருந்து வரும் மணிமுத்தாற்றையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, நம் ஊரைக் கடந்து, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. வயலும் வாய்க்காலும் வீராணம் ஏரியும் சூழ வாழும் நமக்கு நன்னீர் மீன் புதிதன்று. ஆனால் கடல் மீனை வீட்டில் வளர்க்க முடியுமா? முடியும். அதற்குப் பணத்தைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும். இதை நான் ஒரு தவறு செய்த பிறகே கற்றேன்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு தொட்டி வாங்கி, உப்பு நீர் நிரப்பி, மறுநாளே நான்கு மீன்களை விட்டோம். ஐந்தாம் நாள் காலையில் நான்கும் இறந்து மிதந்தன. என் தங்கை அன்று முழுவதும் சாப்பிடவில்லை. நீரோ கண்ணாடிபோல் தெளிவாகவே இருந்தது! பின் ஏன் இறந்தன? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது சிறிதளவு இருந்தால் தீங்கில்லை. புதுத் தொட்டியில் இந்தத் துப்புரவாளர்கள் இல்லை. அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் சிட்டிகை மீன் உணவு இட்டு, சோதனை மருந்தால் நீரைப் பார்த்துவர வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் உயர்ந்து, பின் இரண்டும் இல்லாமல் போன பிறகே மீனை விடலாம். நாங்கள் காத்திராதது இந்த ஆறு வாரமே.

தொட்டியும் நீரும்

“சிறுகக் கட்டிப் பெருக வாழ்” என்பர் பெரியோர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி போதும். அதில் சுமார் 50 லிட்டர் நீர் கொள்ளும். நீரும் கண்ணாடியும் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல் கனக்கும்; ஆகவே உறுதியான மேசை வேண்டும். சன்னல் வெயில் பட்டால் பாசி பிடிக்கும்.

கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. 50 லிட்டருக்கு 1,750 கிராம். சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் முதலியன கலந்த மீன்தொட்டிக் கடல் உப்பையே, சுத்திகரித்த நீரில் கரைக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. ஐந்து நாளில் 5 லிட்டர் நீர் ஆவியாகிவிட்டது. குறைந்ததை உப்பு நீரால் நிரப்பலாமா? கூடாது. நீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். உப்பு நீரை ஊற்றினால் லிட்டருக்கு 35 கிராம் என்பது 38.5 ஆகிவிடும். எனவே ஆவியான நீருக்கு நன்னீர். வாரந்தோறும் 5 லிட்டரை வெளியேற்றி மாற்றும்போது மட்டும் உப்பு நீர்.

பவளம் எங்கே?

கடல் தொட்டி என்றதும் பவளத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். பவளம் கல்லன்று, மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து கட்டும் வீடு. உருண்டைப் பாறையாக வளரும் பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரே வளரும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இவை உள்ளன. முன்னாளில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அவற்றை வெட்டி எடுத்தார்கள். 1986இல் அப்பகுதி கடல் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு! 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல் சூடேறி அங்கு ஏராளமான பவளம் வெளுத்தது. ஆகவே நம் திட்டத்தின் முதல் விதி: கடலிலிருந்து ஒரு துண்டும் எடுப்பதில்லை.

களிமண்ணே பாறை

அப்படியானால் பாறைக்கு என்ன செய்வது? தூத்துக்குடி அருகே வான் தீவு கரையாமல் காக்க, 2015 முதல் சிமெண்டுக் கட்டமைப்புகளைக் கடலில் இறக்கினார்கள். மீன்கள் அவற்றை நாடி வந்தன. நமக்கோ விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள் பக்கத்திலேயே உள்ளன. பளபளப்புப் பூச்சு இல்லாத, ஒருமுறை மட்டும் சுட்ட களிமண் துண்டுகள் மூன்று போதும். ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் அதில் நுண்துளைகள் உண்டு என்று பொருள். அத்துளைகளே பாக்டீரியாவின் வீடு. பூச்சும் வண்ணமும் உள்ளவற்றில் உலோக நஞ்சு இருக்கலாம், அவை வேண்டாம். சில நாள் நீரில் ஊறவைத்துக் கழுவி, குகைபோல் அடுக்கலாம். அடியில் மணலும் வேண்டாம். உணவுத் துணுக்கு அதில் சிக்கி அழுகும்.

யாரை அழைப்பது?

ஒரு சோடிக் கோமாளி மீன் மட்டும். ஆரஞ்சு நிறமும் மூன்று வெள்ளைப் பட்டையும் கொண்ட சிறு இனமே இத்தொட்டிக்கு ஏற்றது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துள்ளன. கடலில் பிடித்ததை வாங்காமல், பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். தொட்டியில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியது, கடலுக்கும் இழப்பில்லை.

வெயிலும் மின்தடையும்

நீரின் வெப்பம் 25 முதல் 28 டிகிரி இருத்தல் நலம். நம் ஊர்க் கோடையில் வெளியே 38 டிகிரியைத் தாண்டுமே! மண்பானை நீர் ஏன் குளிர்கிறது? நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான். அவ்வாறே சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசச் செய்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மின்சாரம் நின்றால் காற்றூட்ட மின்கலத்தில் இயங்கும் சிறு பம்பு ஒன்று இருக்கட்டும். மின்கம்பி தொட்டிக்குக் கீழே தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறிச் சுவிட்சுக்குச் செல்லட்டும். வழியும் நீர் சுவிட்சை எட்டாது. இதைப் பெற்றோரே அமைத்துத் தரவேண்டும்.

நன்கு பேணினால் கோமாளி மீன் பத்தாண்டுக்கு மேல் வாழும். இன்று எட்டாம் வகுப்பில் இருப்பவள் கல்லூரி முடித்த பின்னும் அது உணவுக்காக மேலே வரும். அதுவரை பேண மனமுண்டா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று களிமண் துண்டுகளுடன் ஒரு தொட்டி இருக்கிறது. மீன் இல்லை. இது நான்காம் வாரம். வருவோர் எல்லாம், “காலித் தொட்டிக்கு ஏன் உணவு போடுகிறாய்?” என்று சிரிக்கிறார்கள். தங்கை மட்டும் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறாள். இம்முறை நாங்கள் காத்திருப்போம்.