டிக்… டிக்… புது லேப்டாப்புக்குள் என்ன சத்தம்?

உங்களுக்குத் தெரியுமா? ஹார்ட் டிஸ்க்கை மாற்றிய பிறகும் அதே சத்தம் அதே இடைவெளியில் வந்தால், பெரும்பாலும் பழுது டிஸ்க்கில் இல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பில்தான் இருக்கிறது.

என் அக்கா மகன் ஹைதராபாத் மியாபூரில் தங்கி வேலை பார்க்கிறான். புது லேப்டாப் வாங்கிய வாரமே போன் செய்தான். "ராத்திரி ஃபேனை நிறுத்தினா அரை நிமிஷத்துக்கு ஒருதரம் 'டிக்'குங்குது மாமா. சர்வீஸ்ல டிஸ்க்கை மாத்திக் கொடுத்தாங்க. அதுவும் டிக்குங்குது." அவன் கேட்டது, டிஸ்க்கில் தகவலைப் படித்து எழுதும் 'ஹெட்' ஒதுங்கி நிற்கும் சத்தம்.

லேப்டாப் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுற்றுகிறது. அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளியை நினைத்துப் பாருங்கள். சில விநாடி வேலையில்லை என்றால் ஹெட் தட்டை விட்டு விலகி, ஓரத்தில் இருக்கும் சரிவில் ஏறி ஒதுங்கும். அப்போது ஒரு 'டிக்'. வேலை வந்ததும் இறங்கும். மறுபடி ஒரு 'டிக்'. குலுங்கினாலும் ஹெட் தட்டில் உரசாமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். அளவுக்கு மீறினால்தான் வினை. ஒதுங்கி இறங்குவதற்கும் ஆயுள் கணக்கு உண்டு: பல டிஸ்க்குகளுக்கு 3 லட்சம் அல்லது 6 லட்சம் முறை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 120. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 1,200. 3 லட்சம் என்ற எல்லையை 250 நாளில் தொட்டுவிடலாம். வாரண்டி முடிவதற்கு முன்பே!

2007இல் உபுண்டு லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் உலகம் முழுக்க இதைச் சொல்லிப் புலம்பினார்கள். தீர்வு ஒரே வரிதான். 'ஏபிஎம்' எனப்படும் மின்சேமிப்பு அளவை 254க்கு ஏற்றினால் பெரும்பாலான டிஸ்க்குகள் ஒதுங்குவதை நிறுத்தும் அல்லது வெகுவாகக் குறைக்கும். லினக்ஸில் 'எச்டிபார்ம்' கட்டளை, விண்டோஸில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டால் பல டிஸ்க்குகளில் பழைய அளவே திரும்பிவிடும். சத்தம் 'போய்ப் போய் வருவது' இதனால்தான். ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் தானாக அமையும்படி வைத்துவிட வேண்டும்.

அதே மென்பொருளில் 'சி1' என்ற வரிசை, ஹெட் எத்தனை முறை ஒதுங்கியது என்று காட்டும். எண்கள் பதினாறடிமான முறையில் இருக்கும். அமைப்பில் பதின்மமாக மாற்றிவிட்டுப் படியுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். பழுதான, சந்தேகத்துக்குரிய பகுதிகளை எண்ணும் '05', 'சி5' இரண்டும் பூச்சியத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். புது டிஸ்க்கில் அவை ஏறினால் பேச்சே வேண்டாம், மாற்றித்தரச் சொல்லுங்கள்.

எல்லாச் சத்தமும் 'டிக்' அல்ல. முதல் ஓரிரு நாள் வரும் 'கரகர', விண்டோஸ் கோப்புகளைப் பட்டியலிட்டு அப்டேட் இறக்கும் சத்தம். தானே அடங்கும். மெல்லிய 'கீச்' சத்தம் மின்சுருளிலிருந்து வரலாம். 'டக்… டக்… டக்' என்று சீராக அடித்து, கூடவே லேப்டாப் உறைந்து நின்றால், ஹெட் தடம் கிடைக்காமல் தவிக்கிறது என்று பொருள். அப்போது சோதனை எதுவும் ஓட்டாதீர்கள். முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள். டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்தால் உயிர் பிழைக்கும் என்பதை நம்பவே வேண்டாம், உள்ளே ஈரம் படியும்.

மென்பொருள் காட்டும் இந்த எண்களை முழுதாக நம்ப முடியுமா? கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரைப்படி, செத்துப்போனவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் (36%), வெப்பநிலையைத் தவிர வேறெந்த அளவிலும் அறிகுறி காட்டவில்லை. அதனால் எண்கள் சுத்தமாக இருந்தாலும் பேக்கப் எடுப்பதை நான் விடமாட்டேன்.

சத்தம் போடும் டிஸ்க்கையே சத்தம் சாய்த்த கதையும் உண்டு. ஜேனட் ஜாக்சனின் 1989ஆம் ஆண்டுப் பாடல் 'ரிதம் நேஷன்' ஒலித்தபோது சில பழைய லேப்டாப்கள் நின்றுபோயின. பக்கத்தில் சும்மா இருந்த லேப்டாப்பும் நின்றது! பாட்டின் ஒரு சுரம், 5,400 சுற்று டிஸ்க்கின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனதே காரணம். அந்தச் சுரத்தை வடிகட்டித்தான் லேப்டாப் தயாரிப்பாளர் தப்பினார். 2022இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் இதை வெளியே சொன்னதும் அதற்குப் பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணே கொடுத்துவிட்டார்கள். 2016இல் புகாரெஸ்ட் நகரில் ஒரு வங்கியின் தீயணைப்பு ஒத்திகையில் வாயு பீறிட்ட ஓசையே டிஸ்க்குகளைக் கெடுத்து, சேவையைப் பல மணி நேரம் முடக்கியது.

ஹைதராபாத் வெயிலில் ஒன்று கவனியுங்கள். லேப்டாப் டிஸ்க்குகளின் வெப்ப வரம்பு பொதுவாக 60 டிகிரி. மே மாதத்தில் அறையே நாற்பதைத் தொடும்போது மெத்தையில் வைத்து வேலை பார்த்தால் காற்றுத் துளை அடைபடும். குலுக்கலும் ஆகாது: ஆட்டோவில் ஏறுமுன் லேப்டாப்பைத் தூங்க வையுங்கள். ஓய்ந்த டிஸ்க் தாங்கும் அதிர்ச்சி, ஓடும் டிஸ்க் தாங்குவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

செகந்தராபாத் பார்க் லேனில் 'சி.டி.சி.' என்று ஊரே அழைக்கும் செனாய் டிரேட் சென்டர் முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள். அங்கே ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுக்கொண்டால் சத்தமே இராது, அதில் சுற்றும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் வாரண்டி இருக்கும்போது வெளியாரைத் திறக்கவிடுமுன் நிபந்தனையைப் படியுங்கள்.

சர்வீஸுக்குப் போகுமுன் சத்தத்தை போனில் வீடியோவாகப் பிடியுங்கள். கடைக்குள் இரைச்சலில் அது கேட்காது. பில், சீரியல் எண், புகார் எண் மூன்றும் கையில் இருக்கட்டும். மாற்றித் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

வாரண்டியில் மாற்றிய பழைய டிஸ்க் பெரும்பாலும் நம்மிடம் திரும்புவதில்லை. அக்கா மகன் கொடுத்த முதல் டிஸ்க்கில் அவன் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் இருந்தன. அழிக்காமலே கொடுத்துவிட்டான்.