பக்கத்திலேயே நிற்கும் காணாமற்போன பிள்ளை

ஸ்பானிய நெறியாளர் லூயிஸ் புனுவெல் 1974இல் பிரெஞ்சு மொழியில் தந்த 'சுதந்திரத்தின் ஆவியுரு' என்ற படத்தைப் பற்றி இன்று சொல்கிறேன். திரைப் பிரதியை அவருடன் சேர்ந்து எழுதியவர் ஜான் குளோத் கரியேர். தொடர்ச்சியான கதை இதில் கிடையாது. ஒரு சம்பவத்தில் வந்துபோகும் யாராவது ஒருவரின் பின்னால் கமரா அடுத்த சம்பவத்துக்குப் போய்விடும். மதம், ஒழுக்கம், சட்டம், மரணதண்டனை எல்லாமே கேலிக்குள்ளாகின்றன.

விருந்தினர்கள் மேசையைச் சுற்றி மலசலகூட இருக்கைகளில் அமர்ந்து உரையாடுவதும், சாப்பிடுவதற்கு மட்டும் கூச்சத்துடன் சிறு அறையொன்றுக்குள் ஒளிவதுமான காட்சி பிரசித்தம். துறவிகள் சீட்டாடும் விடுதிக் காட்சி சற்று நீண்டுவிட்டதென்பேன்.

என்னை உலுக்கியது வேறொன்று. மகளைக் காணவில்லை என்று பாடசாலையிலிருந்து பெற்றோருக்குச் செய்தி வருகிறது. பதறி ஓடிவந்தால், பிள்ளை வகுப்பிலேயே இருக்கிறாள். தான் இங்கேதான் இருப்பதாக அவள் சொல்ல, பேசாதிருக்கும்படி அடக்குகிறார்கள். அவளையும் கூட்டிக்கொண்டே பொலிசில் முறைப்பாடு செய்கிறார்கள். அதிகாரியோ அவளைப் பார்த்தே அங்க அடையாளங்களைப் பதிந்துகொள்கிறார்!

இங்கே எவரும் பகிடி விடுவதில்லை. முகங்களில் மெய்யான கவலை. கண்முன் நிற்கும் பிள்ளையைவிட, அவள் இல்லை என்று சொல்லப்பட்டதே அவர்களுக்குப் பெரிது. ஆகவேதான் நமக்குச் சிரிப்பு வருகிறது. பாதியில் நின்றும் விடுகிறது. எள்ளல் என்றாலே கோமாளித்தனம் என்று எண்ணும் நம் நாடகக்காரர் சிலர் இதைப் பார்க்கவேண்டும்.

மாதங்கள் பல கழித்து, பொலிஸ் அவளைக் 'கண்டுபிடித்து' பெற்றோரிடம் ஒப்படைக்கிறது.