வானத்தைப் படமெடுப்பவர்கள் – 7
எங்கே நிற்கிறோம் என்று கேமரா சொல்லட்டும்

பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக, நொடிக்குச் சுமார் 15 வில்நொடி வீதம் திரும்பி, ஒரே நட்சத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் மவுண்ட்டைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். ஆள் பக்கத்தில் இல்லாமல் இரவு முழுதும் படமெடுக்க வேண்டுமென்றால் அந்த மவுண்ட்டும் கேமரா மென்பொருளும் பேசிக்கொள்ள வேண்டும். கணினி கட்டளையிடும், தொலைநோக்கி திரும்பும் என்று பலரும் இதைச் சுருக்கமாக நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதி வேலைதான். எடுத்த படத்தைப் பார்த்து, தொலைநோக்கி உண்மையில் எங்கே நிற்கிறது என்று அதற்கே திருப்பிச் சொல்வது மறுபாதி. இந்த மறுபாதி இல்லாத தானியங்கி அமைப்பை நான் தானியங்கி என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கட்டளையிடும் பாதி பழையது. 1992இல் அமெரிக்காவின் மீட் நிறுவனம் வெளியிட்ட எல்எக்ஸ்200 தொலைநோக்கியில் கணினியை இணைக்க ஒரு சீரியல் போர்ட் இருந்தது. முக்காற்புள்ளியில் தொடங்கி ஹாஷ் குறியில் முடியும் சின்னச் சின்னக் கட்டளைகள்: இலக்கின் வல ஏற்றம் இது, நடுவரை விலக்கம் இது (வானில் ஓரிடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள் இவை), திரும்பு. எளிமையாக இருந்ததால் வேறு பல தயாரிப்பாளர்களும் அதே கட்டளைகளை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளாதவர்களுக்குத் தனித்தனி முறை. அதனால் படமெடுக்கும் மென்பொருள் எழுதுபவர் ஒவ்வொரு மவுண்ட்டுக்கும், ஒவ்வொரு கேமராவுக்கும், ஃபோகஸ் மோட்டாருக்கும் தனியாக நிரல் எழுத வேண்டியிருந்தது. புதிதாக ஒரு கருவி சந்தைக்கு வந்தால் எல்லோரும் மறுபடி எழுத வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் ராபர்ட் டென்னி என்ற மென்பொருளாளர் இதற்கு ஒரு பொது ஒப்பந்தத்தைத் தொடங்கிவைத்தார். அதுதான் அஸ்காம். மவுண்ட் எதுவானாலும் அதன் டிரைவர் (கணினிக்கும் கருவிக்கும் இடையே பேசும் நிரல்) இன்னின்ன கேள்விகளுக்கு இன்னின்ன வடிவில் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். விண்டோஸ் கணினிகளில் இன்று நீனா போன்ற இலவச மென்பொருள்கள் நூற்றுக்கணக்கான கருவிகளோடு வேலை செய்வது இந்த ஒப்பந்தத்தால்தான். லினக்ஸ் பக்கம் எல்வுட் டவுனி உருவாக்கிய இண்டி நெறிமுறை இருக்கிறது. கேஸ்டார்ஸ் மென்பொருளுக்குள் இருக்கும் எகோஸ் அதைப் பயன்படுத்துகிறது. மவுண்ட்டில் கட்டிய ஒரு சின்ன ராஸ்பெரி பை கணினியே போதும். பின்னாளில் அஸ்காமிலிருந்து கிளைத்த அல்பாகா, அதே ஒப்பந்தத்தை விண்டோஸுக்கு வெளியே, வலைப்பின்னல் வழியாகக் கொண்டுபோனது.

ஒப்பந்தம் இருந்தும் தொலைநோக்கி தவறான இடத்துக்குப் போகும். ஏன் என்பது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். அஸ்காமில் வல ஏற்றம் மணிக்கணக்கில் கொடுக்கப்படும். நடுவரை விலக்கம் பாகையில். ஒரு மணி என்பது 15 பாகை. சொந்தமாக நிரல் எழுதிப் பார்ப்பவர்கள் முதலில் தடுக்கிவிழும் இடம் இது. ஆனால் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். தொலைநோக்கி வானத்தின் வேறு மூலையைப் பார்த்து நிற்கும்.

தெரியாமல் ஒளிந்திருப்பது இன்னொன்று. நட்சத்திரப் பட்டியல்கள் பெரும்பாலும் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தை அடிப்படையாக வைத்து இடத்தைக் குறிக்கின்றன. பூமியின் அச்சோ மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது; அதனால் அந்த எண்களும் ஆண்டுதோறும் நகர்கின்றன. பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கணக்கில் சேர்ப்பதும் இந்த நகர்வைத்தான். ஆண்டுக்குச் சுமார் 50 வில்நொடி. 25 ஆண்டில் இது ஏறக்குறைய 21 வில்நிமிடம் ஆகிறது, அதாவது முழுநிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சூரியனும் கிரகங்களும் உலவும் பாதையை ஒட்டிய பகுதியில் இதன் முழு அளவும் தெரியும். மென்பொருள் 2000ஆம் ஆண்டின் எண்ணை அனுப்ப, மவுண்ட் அதை இன்றைய எண்ணாக எடுத்துக்கொண்டால் இலக்கு இவ்வளவு தள்ளிப்போகலாம். 2000 மில்லிமீட்டர் குவியத் தூரமும் 23.5க்கு 15.7 மில்லிமீட்டர் சென்சாரும் உள்ள அமைப்பில் ஒரு படத்தின் உயரமே 27 வில்நிமிடம்தான். இலக்கு சட்டத்தைவிட்டே வெளியே போய்விடக்கூடும். எந்த ஆண்டின் எண்ணை எதிர்பார்க்கிறாய் என்று மவுண்ட்டைக் கேட்க அஸ்காமில் வழி இருக்கிறது. புதிய மென்பொருள் கேட்டுவிட்டு, தானே மாற்றி அனுப்பும். ஆனாலும் டிரைவர் அமைப்பில் ஒரு பெட்டியைத் தவறாகத் தேர்ந்துவைத்தால் பதிலே தவறாக வரும்.

அச்சு நகர்வு ஒரு காரணம் மட்டுமே. துருவத்தை நோக்கிய சீரமைப்பில் சிறு பிசகு, பல்சக்கரத்தின் இடைவெளி, குழாயின் எடையால் வரும் வளைவு என ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சேர்க்கும். தன் மோட்டார் எத்தனை அடி எடுத்துவைத்தது என்பதை வைத்தே பெரும்பாலான மவுண்ட்கள் தம் இடத்தைச் சொல்கின்றன. வானத்தை அவை பார்ப்பதில்லை. அமைப்பு முழுவதிலும் வானத்தைப் பார்ப்பது கேமரா ஒன்றுதான்.

இங்கேதான் பிளேட் சால்விங் வருகிறது. தொலைநோக்கி திரும்பி நின்றதும் மென்பொருள் சில நொடி மட்டும் ஒளியை வாங்கி ஒரு படம் எடுக்கும். அதிலுள்ள நட்சத்திரங்களின் அமைப்பைப் பட்டியலோடு ஒப்பிட்டு, படத்தின் மையம் வானில் எந்தப் புள்ளி என்று கண்டுபிடிக்கும். டஸ்டின் லாங், டேவிட் ஹாக் முதலியோர் 2010இல் விளக்கி வெளியிட்ட ஆஸ்ட்ரோமெட்ரி.நெட் முறை, எங்கே எடுத்த படம் என்ற துப்பே இல்லாமலும் இதைச் செய்கிறது. நான்கு நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் மிகவும் தள்ளியிருக்கும் இரண்டை அளவுகோலாக வைத்து, மற்ற இரண்டின் இடத்தை எண்களாக மாற்றுகிறது. படத்தைச் சுழற்றினாலும் பெரிதாக்கினாலும் அந்த எண்கள் மாறுவதில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சிந்தனை இது.

விடை கிடைத்ததும் மென்பொருள் மவுண்ட்டிடம் ‘நீ நிற்பது இங்கே’ என்று சொல்லித் திருத்தி, மறுபடி திரும்பச் சொல்லும். சில மவுண்ட்கள் திருத்தத்தை ஏற்காது. அப்போது மென்பொருள் வித்தியாசத்தைக் கழித்துப் புதிய இலக்கைக் கொடுக்கும். பிழை ஒரு வில்நிமிடத்துக்குள் வரும்வரை இதே சுற்று. ஜெர்மன் வகை மவுண்ட்டில் இலக்கு உச்சிக்கோட்டைத் தாண்டும்போது குழாயை மறுபக்கம் புரட்டிப்போட வேண்டும். புரட்டியதும் இதையெல்லாம் இன்னொரு முறை செய்தே ஆக வேண்டும்.

ஒரு நட்சத்திரத்தைத் தொடர்ந்து பார்த்து மவுண்ட்டின் சிறு பிசகுகளைத் திருத்த உதவும் வழிகாட்டும் கேமராவுக்கான பிஎச்டி2 மென்பொருளும் இந்தப் பேச்சில் சேர்கிறது. படத்துக்குப் படம் தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தும்படி அதனிடம் சொல்லும் படமெடுக்கும் மென்பொருள், தொலைநோக்கி நிலைத்த பிறகே அடுத்த படத்தைத் தொடங்க வேண்டும். காத்திருக்காவிட்டால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும்.

ஆள் பக்கத்தில் இல்லாத இரவில் மழையும், தொலைநோக்கியை மூடும் கூரையும்தான் எனக்குக் கவலை தருபவை. வானிலைக் கருவி ‘பாதுகாப்பில்லை’ என்றதும் மென்பொருள் தொலைநோக்கியைப் படுக்கவைத்து, உருளும் கூரையை மூடும். ஆனால் தன் இடத்தைத் தவறவிட்ட மவுண்ட், குழாய் நிமிர்ந்து நிற்கும்போதே ‘படுத்துவிட்டேன்’ என்று பதில் சொல்லும். அதை நம்பி நகரும் கூரை குழாயில் இடிக்கும். அந்த நேரத்தில் வானம் மூடியிருப்பதால் படமெடுத்துச் சரிபார்க்கவும் முடியாது. ஆகவே குழாய் தாழ்ந்திருப்பதை உணர ஒரு தனி ஸ்விட்ச் வேண்டும். அது ஆம் என்றால்தான் கூரை மோட்டாருக்கு மின்சாரம் போக வேண்டும். மழை உணரியையும் கணினியை நம்பாமல் நேராகக் கூரையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இணைக்க வேண்டும். குழாய் எந்த நிலையில் இருந்தாலும் இடிக்காத உயரத்தில் கூரையைக் கட்ட முடிந்தால் ஸ்விட்ச் பழுதானாலும் பயமில்லை. அதைக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். அடுத்த வாரம் அந்தக் கட்டடத்தைப் பார்ப்போம்.

(தொடரும்)