ஜூரோங்கிலிருந்து சிராங்கூன் சாலைக்கு

தீபாவளி நெருங்கும்போது சிராங்கூன் சாலையில் ஒளிரும் விளக்குத் தோரணங்களைக் கண்டு மகிழ்கிறோம். அவற்றுக்கான மின்சாரம் வரும் வழியைச் சற்றே அறிந்துகொள்வோம்.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு திறப்புவிழா கண்ட ஜூரோங் தீவிலும் பெரிய மின் நிலையங்கள் உள்ளன. எரிவாயு முழுவதும் வெளிநாட்டிலிருந்து வாங்குவது. ஆகவே வழியில் வீணாகும் மின்சாரம் நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளே.

மின்சாரம் வழியில் குறைவதேன்? மின்னோட்டம் பாயும்போது கம்பி சூடேறுகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். பத்தில் ஒன்றாகக் குறைந்தால் இழப்பு நூறில் ஒன்றாகிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு ஓம் தடையுள்ள கம்பி வழியே 100 கிலோவாட் அனுப்ப வேண்டும். 1,000 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியர் பாயும். 10 கிலோவாட் வெப்பமாகப் போய்விடும். அதையே 10,000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர் போதும். இழப்பு 100 வாட் மட்டுமே!

இந்த மாற்றத்தைச் செய்வது டிரான்ஸ்பார்மர் எனப்படும் மின்மாற்றி. இரும்பு உள்ளகத்தின் மீது இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். முதல் சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் இரும்பில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்க, அது அடுத்த சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. இத்தத்துவத்தை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். இரண்டாம் சுருளில் சுற்றுகள் பத்து மடங்கு இருந்தால் வோல்ட்டும் பத்து மடங்காகும். மின்னோட்டம் அதற்கேற்பக் குறையும். மின்மாற்றியிலும் சிறிது இழப்பு உண்டு. அதைக் குறைக்கவே உள்ளகத்தை மெல்லிய தகடுகளாக அடுக்குகிறார்கள். பெரிய மின்மாற்றிகள் 99 விழுக்காட்டிற்கும் மேல் திறன் வாய்ந்தவை.

இங்கு மின்சாரம் 4,00,000, 2,30,000 வோல்ட் அளவில் நிலத்தடிக் கேபிள்களில் பயணம் செய்கிறது. பிறகு 66,000, 22,000 என்று படிப்படியாக இறங்கி, நம் வீட்டுக்கு 230 வோல்ட்டாக வந்து சேர்கிறது. குடியிருப்புப் பேட்டையின் துணை மின் நிலையத்தில் கேட்கும் ரீங்காரம், கடைசிப் படியில் நிற்கும் மின்மாற்றியின் குரல்.

இதே விதி வீட்டிலும் பொருந்தும். 13 ஆம்பியர் இணைப்பிலிருந்து சுமார் 3,000 வாட் வரைதான் எடுக்கலாம். பண்டிகை நாளில் மின்கெண்டி, அடுப்பு, அலங்கார விளக்கு அனைத்தையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் கம்பி சூடாகித் தீப்பிடிக்க நேரலாம். இணைப்புகளைப் பிரித்துப் பயன்படுத்துவோம். விழாவைப் பாதுகாப்பாகக் கொண்டாடுவோம்.